சானோ, ஃபுமிகோ, கசுகோ: மழைக்கால ஜப்பான்ல கோ ஆட்டத்தைத் தேடி

ஜூன் 10, செவ்வாய் – நிஷிகசாய்

மழைக்காலம் ஆரம்பிச்சாச்சுன்னு டிவியில அறிவிச்ச அன்னிக்கே டோக்கியோ வந்து இறங்கினேன். கொட்டுற மழை இல்ல, நாள் பூரா நசநசன்னு தூறிக்கிட்டே இருக்குற மழை, அதோட புழுக்கம் வேற, சட்டை உடம்போட ஒட்டிக்கிச்சு. பெரியம்மா பொண்ணு அக்கா வீடு நிஷிகசாய்ல இருக்கு, அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய, ஸ்டேஷன்ல இறங்கினதுமே பின்னாடி ரெண்டு பேர் தெலுங்குல பேசிட்டு வந்தாங்க. அக்கா மிளகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் பண்ணி வெச்சிருந்தா, ஃப்ளைட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் அது தேவாமிர்தம்.

"ஃபூஜி மலை பாக்கலியா, டிஸ்னி பாக்கலியா, கல்லு வெச்சு ஆடுற ஆட்டத்துக்கா இவ்ளோ தூரம் வந்தே?"ன்னு அக்கா கேட்டா. அதுக்காகத்தான் வந்தேன். நான் ரொம்ப வருஷமா கோ ஆடுறேன், மொபைல்லதான், ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம். தெரியாதவங்களுக்கு: 19க்கு 19 கோடு போட்ட பலகை, கோடுங்க வெட்டுற 361 இடம், ஒருத்தருக்கு கருப்புக் கல்லு, ஒருத்தருக்கு வெள்ளை. வெச்ச கல்லை நகர்த்தக் கூடாது. நம்ம ஆடுபுலி ஆட்டத்துல ஆடுங்க புலியைச் சுத்தி அடைக்கிற மாதிரி எதிராளி கல்லைச் சுத்தி அடைச்சா அது செத்துப்போச்சு, எடுத்துடலாம். கடைசியில யாரு அதிக இடத்தை வளைச்சிருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. விதி இவ்வளவுதான், ஆனா ஆயுசு பூரா ஆடினாலும் தீராது.

இதையே தொழிலா வெச்சு ஆயுசு பூரா ஆடினவங்கதான் சுகியுச்சி கசுகோ. 1927ல மிஷிமாங்குற ஊர்ல பிறந்தவங்க, 1942ல, போர் நடந்துட்டிருக்கும்போது, 15 வயசுல தொழில்முறை ஆட்டக்காரர் ஆனாங்க. 1983ல எட்டாம் டான் (டான்னா ஆட்டக்காரங்களோட தகுதிப்படி), ஜப்பான்ல அந்தப் படியை எட்டின முதல் பெண். 97 வயசுலயும் அவங்க பேரு ஆடுறவங்க வரிசையில இருந்துச்சு. அவங்க குரு கிட்டா ஃபுமிகோ, 1875ல பிறந்தவங்க. ஃபுமிகோவைத் தத்தெடுத்து வளர்த்து ஆட்டம் சொல்லிக் குடுத்தவங்க ஹயாஷி சானோ, 1825ல பிறந்தவங்க. ஷோகன்ங்குற ராணுவத் தளபதிங்க ஆண்ட காலத்துலேருந்து ஸ்மார்ட்ஃபோன் காலம் வரைக்கும் இந்த ஆட்டத்தை மூணே மூணு பொம்பளைங்க கைமாத்திக் குடுத்திருக்காங்க. இதைப் படிச்ச நாள்லேருந்து எனக்கு இந்த ஊருங்களை நேர்ல பாக்கணும், அவ்ளோதான்.

ஜூன் 11, புதன் – இச்சிகயா

காலையிலேருந்து மழை. இச்சிகயா ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்லேருந்து கீழ பாத்தா ஒரு மீன்பிடிக் குளம், அந்த மழையிலயும் நாலு பேரு குடை பிடிச்சுக்கிட்டு பீர் பெட்டி மேல உக்காந்து தூண்டில் போட்டிட்டிருந்தாங்க. ஸ்டேஷன் பக்கத்துலயே நின்னுக்கிட்டே சாப்பிடுற ஒரு சோபா நூடுல்ஸ் கடை, கேரட்டும் வெங்காயமும் போட்ட பஜ்ஜி மாதிரி ஒண்ணை சூடான சூப்ல மிதக்க விட்டுத் தந்தாங்க, 520 யென். பஜ்ஜி ஊறி நொளநொளன்னு ஆகுறதுக்குள்ள சாப்பிடணும். பக்கத்துல நின்ன ஆபீஸ் ஆளு ரெண்டே நிமிஷத்துல முடிச்சு, கிண்ணத்தை மேல தூக்கி வெச்சு, தன் இடத்தைத் துணியால துடைச்சுட்டுப் போனாரு.

நிஹோன் கி-இன் கட்டடம் அங்கேருந்து பக்கம்தான். ஜப்பான் கோ ஆட்டத்தோட தலைமையிடம், வெளியில பாத்தா சாதாரண பழைய ஆபீஸ் கட்டடம். கீழ்த்தளத்துல ஒரு சின்ன மியூசியம் இருக்கு, காசு கிடையாது. ஆட்டத்துக்குப் பெருமை சேர்த்தவங்கன்னு தேர்ந்தெடுத்தவங்க முகத்தை உலோகத்துல வடிச்சு சுவத்துல மாட்டியிருக்காங்க. தோகுகாவா இயேயாசு, ஹோனின்போ சான்சா, தோசாகு, ஷூசாகுன்னு வரிசையா ஆம்பளைங்க. அதுக்கு நடுவுல கிட்டா ஃபுமிகோ. நான் அவங்க முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். அந்த அறையில அப்ப வேற யாருமே இல்ல, ஏசி சத்தம் மட்டும்தான்.

இந்தக் கட்டடத்துல இருக்குற அமைப்பே 1924லதான் உருவாச்சு. அதுக்கு முன்னாடி ஹோனின்போங்குற பழைய கோ குடும்பத்துக் கூட்டம் ஒரு பக்கம், 1879ல ஆரம்பிச்ச ஹோஎன்ஷாங்குற கோ சங்கம் இன்னொரு பக்கம், அதுலேருந்து பிரிஞ்சவங்க வேறன்னு ஆளாளுக்கு முறைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1923 நிலநடுக்கம் டோக்கியோவையே தரைமட்டமாக்கினப்புறம் தனித்தனியா இருந்தா யாருமே பிழைக்க முடியாதுங்குற நிலைமை. ஒகுரா கிஷிசிரோங்குற பெரிய முதலாளி பணம் குடுத்தாரு, சரி, ஆனா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காத ஆளுங்களை ஒரே கூரைக்குள்ள கொண்டுவர யாராவது ரெண்டு பக்கமும் பேசணும்ல? அந்த வேலையில பெரிய பங்கு ஃபுமிகோவோடது. எல்லாருக்கும் அவங்க மேல மரியாதை இருந்துச்சு. கட்டடத்தைப் பாக்குறவங்க பணம் குடுத்தவரு பேரை ஞாபகம் வெச்சுக்குறாங்க, என்னைக் கேட்டா அலைஞ்சு பேசினவங்க பேரைத்தான் வாசல்ல வெக்கணும்.

ரெண்டாவது மாடியில யாரு வேணா வந்து ஆடலாம், ஆயிரம் யென் சொச்சம். ஆயிரம் யென்ல ஒரு நாள் பூரா உக்காரலாம்னா அது டோக்கியோவுல கொள்ளை மலிவு. பெரிய ஹால், வரிசையா மேசை, பாதிக்கு மேல வெள்ளை முடி. கவுன்டர்ல இருந்தவங்க என் ஆட்டத் தரம் என்னன்னு கேட்டு, ஒரு பாட்டி எதிர்ல உக்கார வெச்சாங்க. எண்பது வயசு இருக்கும், ஊதா கலர் கார்டிகன், கழுத்துல மூக்குக் கண்ணாடிச் சங்கிலி. எனக்கு ஒன்பது கல்லு சலுகை, அதாவது ஆட்டம் ஆரம்பிக்கும்போதே என் கல்லு ஒன்பது பலகையில இருக்கும். ரெண்டு பேரும் தலை குனிஞ்சு "ஒனேகாய்ஷிமாசு" சொல்லி ஆரம்பிச்சோம்.

அவங்க கல்லு வெக்குற விதத்தை மட்டும் சொல்லணும். ஆள்காட்டி விரல் நகம் அடியில, நடுவிரல் நுனி மேல, ரெண்டுக்கும் நடுவுல கல்லு. கையைக் கொண்டுவந்து, நடுவிரலால கல்லை அழுத்தி, ஆள்காட்டி விரலை உருவிடுறாங்க, டக்குன்னு ஒரு சத்தம், கல்லு கோடு மேல கொஞ்சம்கூட அசையாம உக்காந்துடுது. மூட்டுவலியால அந்த விரல் லேசா வளைஞ்சிருந்துச்சு. ஒரு தடவைகூட கல்லு நழுவல. மொபைல்ல வருஷக்கணக்கா ஆடின எனக்கு அந்தச் சத்தம் கேக்குறதே புதுசு.

ஒன்பது கல்லு சலுகையும் கரைஞ்சுபோச்சு. வலது கை பக்க மூலையில என் கல்லுக் கூட்டம் உயிரோட இருக்குன்னு நான் நம்பிட்டிருந்தேன், அவங்க ஒரே ஒரு கல்லை உள்ள போட்டாங்க, முடிஞ்சுது. நான் தலை குனிஞ்சு தோல்வியை ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் நல்ல பகுதி. அவங்க எழுந்து போகல, கல்லையெல்லாம் பெட்டியில போட்டுட்டு, முதல் கல்லுலேருந்து மொத்த ஆட்டத்தையும் ஞாபகத்துலேருந்தே திருப்பி வெச்சாங்க, என் கல்லையும் சேத்து. ஒரு இடம் வந்ததும் நிறுத்தி, "கோகோ"ன்னு விரலால தொட்டுக் காட்டி, இங்க வெச்சிருந்தா பொழைச்சிருக்கும்னு என் கல்லை எடுத்து ஒரு கோடு தள்ளி வெச்சாங்க. ஆட்டம் முடிஞ்சதும் எங்க தப்புன்னு சேர்ந்து அலசிப் பாக்குறது இங்க வழக்கம். காட்டும்போது முகத்துல துளி பெருமை இல்ல, நான் வெச்ச ஒரு நல்ல கல்லுக்கு "ஹோ"ன்னு பாராட்டவும் செஞ்சாங்க.

மொபைல் டிரான்ஸ்லேட்டர் வழியா கொஞ்சம் பேசினோம். அம்பது வயசுலதான் ஆரம்பிச்சாங்களாம், பசங்க வீட்டை விட்டுப் போனப்புறம். கீழ எடுத்த ஃபுமிகோ படத்தைக் காட்டினேன். ரெண்டு கையாலயும் மொபைலை வாங்கிப் பாத்து, "கிட்டா சென்செய்"ன்னு (சென்செய்னா ஆசிரியர்) சொல்லி லேசா தலை குனிஞ்சாங்க. பையிலேருந்து ஒரு பிளம் மிட்டாய் எடுத்துக் குடுத்துட்டு அடுத்த ஆளோட ஆடப் போயிட்டாங்க.

ஜூன் 12, வியாழன் – சுகாமோ

இன்னிக்கு வானம் வெளுத்துச்சு, வெயில் வந்ததும் தரையிலேருந்து ஆவி கிளம்புது. ஹராஜுகுங்குறது டோக்கியோவுல இளசுங்க சுத்துற இடம், சுகாமோ கடைத்தெருவை பாட்டிமாருங்க ஹராஜுகுன்னு சொல்வாங்க. அது நிஜம்தான், தள்ளுவண்டி மாதிரி ஒரு நடைவண்டியை உருட்டிக்கிட்டு பாட்டிங்க கூட்டம் கூட்டமா போறாங்க. சிவப்பு உள்ளாடைக்குன்னே தனிக் கடை இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு நம்பிக்கை. கோயில்ல கன்னோன்ங்குற பௌத்த கருணை தெய்வத்தோட ஒரு சிலை, நமக்கு எந்த இடத்துல வலியோ சிலையில அந்த இடத்தை ஈரத்துணியால துடைக்கணும். வரிசையில எனக்கு முன்னாடி நின்ன பாட்டி சிலையோட முட்டியை அவ்ளோ நிதானமா துடைச்சாங்க, பின்னாடி இத்தனை பேர் நின்னும் யாரும் ஒரு பெருமூச்சுகூட விடல. நான் கண்ணைத் துடைச்சேன். ராத்திரி மொபைல்ல ஆடுற கண்ணு.

உப்பு தைஃபுகு வாங்கினேன், உள்ள பயறு பூரணம், மேல மாவு, லேசா உப்பு கரிக்கும். நம்ம கொழுக்கட்டை பிரியர்களுக்குப் பிடிக்கும். கடைத் திண்ணையில உக்காந்து சாப்பிட்டு முடிச்சதும் கடைக்கார அம்மா கேக்காமலே டீ கொண்டு வந்து வெச்சாங்க. காசு வாங்கல.

அங்கேருந்து ஹொன்ம்யோஜி கோயிலுக்கு நடை. 1657 பெரும் தீயில செத்தவங்களுக்கான நினைவுக்கல்லு அங்க இருக்கு. அதுக்கும் பின்னால கல்லறைக்குள்ள போனா ஹோனின்போ வம்சத்து ஆளுங்க வரிசையா. ஷோகன்கள் காலத்துல கோவுக்குன்னு நாலு குடும்பத்துக்கு அரசாங்கமே மானியம் குடுத்துச்சு: ஹோனின்போ, இனோஉஎ, யாசுயி, ஹயாஷி. கல்லுங்கள்ல பாசி படிஞ்சு எழுத்து பாதி மறைஞ்சிருக்கு, கொசு வேற பிடுங்கி எடுத்துச்சு. கடைசி பரம்பரை ஹோனின்போவான ஷூசாய் 1940ல இறந்தாரு, அதுக்கு முன்னாடியே அந்தப் பட்டத்தை நிஹோன் கி-இன்னுக்குக் குடுத்துட்டாரு, அப்புறம் அது போட்டியில ஜெயிக்கிறவங்களுக்குப் போற பட்டமாச்சு.

இந்த வரிசையை நான் ரெண்டு தடவை நடந்து பாத்தேன். அப்பா, பிள்ளை, தத்துப்பிள்ளை, வாரிசு, எல்லாம் பேரு, எண்ணு, பட்டம்னு கல்லுல வெட்டியிருக்கு. 1868ல ஷோகன் ஆட்சி போனதும் மானியமும் போச்சு, நாலு குடும்பமும் தடுமாறுச்சு. ஹயாஷி வீட்டைச் சேர்ந்த சானோ அப்ப நாப்பத்தஞ்சை நெருங்கிட்டாங்க. அவங்க கத்துக்குடுக்குறதை நிறுத்தல, தத்தெடுத்த பொண்ணை ஆட்டக்காரியா வளர்த்தாங்க, அந்தப் பொண்ணு ஹோஎன்ஷாவுல சேர்ந்து படிப்படியா ஏறுச்சு. அரசாங்க மானியத்துல வளர்ந்த வரிசை இந்தக் கல்லுங்களோட முடிஞ்சுபோச்சு. மானியமே இல்லாம, வீட்டுக்குள்ள ஒரு பொம்பளை இன்னொரு பொண்ணை உக்கார வெச்சு வளர்த்த வரிசை 97 வயசு வரைக்கும் கல்லு வெச்சுது. இதை யோசிச்சுக்கிட்டே நின்னேன், கொசு கடிச்சு கால் முழுக்கத் தடிச்சுப்போச்சு, அப்பதான் கிளம்பினேன்.

ஜூன் 14, சனி – மிஷிமா

நேத்து பூரா அக்கா வீட்லயே இருந்தேன், கால் வீக்கம்.

இன்னிக்கு கொதாமா ரயில்ல மிஷிமா, ஒரு மணி நேரம்கூட ஆகல, ஒரு வழிக்கு நாலாயிரம் யென்னுக்கு மேல. ஃபூஜி மலை இங்கேருந்து நல்லா தெரியும்னு சொன்னாங்க, எனக்கு மேகம்தான் தெரிஞ்சுது, மலை இருக்குற பக்கம் முழுசா ஒரு சாம்பல் சுவரு. ஆனா ஃபூஜி தண்ணியை ஊர் பூரா பாக்கலாம். மலையில பெய்யுற மழையும் பனியும் எரிமலைப் பாறைக்குள்ள இறங்கி இந்த ஊர்ல ஊத்தா வெளிய வருது. கென்பெகாவான்னு ஒரு சின்ன ஆறு, வீடுங்க பின்பக்கமா ஓடுது, தண்ணிக்குள்ளயே கல்லு போட்டு நடைபாதை வெச்சிருக்காங்க. ஜூன் மாசப் புழுக்கத்துல அந்தத் தண்ணியில கால் வெச்சா உச்சந்தலை வரைக்கும் சில்லுங்குது. மழை ஈரத்துல கல்லு வழுக்குச்சு, எதிர்ல ஒரு ஸ்கூல் பையன் வந்தான், ஒருத்தர்தான் போக முடியும், அவன் கொஞ்சம்கூட யோசிக்காம ஷூவோட தண்ணியில இறங்கி எனக்கு வழி விட்டான். நான் நன்றி சொல்றதுக்குள்ள ஓடிட்டான்.

இந்த ஊர்தான் கசுகோவோட ஊரு, அப்ப அவங்க பேரு ஹோன்டா கசுகோ. தங்கச்சிங்க ரெண்டு பேரு, ஹோன்டா சச்சிகோ, குசுனோகி தெருகோ, அவங்களும் தொழில்முறை ஆட்டக்காரங்க. ஒரே வீட்ல மூணு பொண்ணுங்க. மூத்தவங்க கிட்டா ஃபுமிகோகிட்ட சிஷ்யையா சேர்ந்தாங்க. போர்க்காலத்துல, சோத்துக்கே பங்கீடு இருந்த வருஷங்கள்ல, ஒரு பொண்ணு பலகை முன்னாடி உக்காந்து தொழில்காரியா ஆகுறதுன்னா அந்த வீட்ல எவ்ளோ உறுதி இருந்திருக்கணும்.

அப்புறம் கல்யாணமும் ஒரு ஆட்டக்காரரோடதான், சுகியுச்சி மசாவோ. பெரிய ஆளு, 1954லயும் 1958லயும் ஹோனின்போ பட்டத்துக்கு, அதை வெச்சிருந்த தகாகாவாவோட மோதினவரு, "கோ கடவுள்"னே பட்டப்பேரு. 2017ல 97 வயசுல இறக்குற வரைக்கும் அவரும் ஆடுற ஆட்டக்காரராவே இருந்தாரு. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே தொழில், ரெண்டு பேருமே தொண்ணூத்தேழுலயும் ஓய்வு வாங்கல. குரு ஃபுமிகோ கல்யாணத்தால பல வருஷம் பலகையை விட்டு விலகினவங்க, சிஷ்யை கல்யாணத்துக்கு அப்புறமும் பலகை முன்னாடியே இருந்தாங்க. ஒரு தலைமுறைக்குள்ள இவ்ளோ மாறியிருக்கு.

மதியம் விலாங்கு மீன். மிஷிமா வந்தா இதைச் சாப்பிடாம போகக் கூடாதாம், பிடிச்ச மீனை சில நாள் இந்த ஊத்துத் தண்ணியிலயே விட்டு வெச்சா சேத்து வாடை போயிடும்னு சொல்றாங்க. கடை வாசல்ல நம்பர் சீட்டு வாங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல காத்திருந்தேன். கருப்பு அரக்குப் பெட்டியில சூடான சோறு, மேல கரியில சுட்ட மீன், இனிப்பும் உப்புமா சாஸ், பக்கத்துல மிளகு மாதிரி நாக்கு மரத்துப் போற சான்ஷோ பொடி. மீன் வாயில வெச்சதும் கரையுது, முள்ளு தெரியவே இல்ல. 5,000 யென் கிட்ட ஆச்சு. இந்தப் பயணத்துலயே பெரிய செலவு சாப்பாட்டுல இதுதான், குடுக்கலாம், தப்பில்ல. பரிமாறின அம்மாகிட்ட கசுகோ பேரைச் சொன்னேன், அவங்களுக்குத் தெரியல, உள்ள போய் வயசான சமையல்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு கையைத் துடைச்சுக்கிட்டே வந்து, "ஹோன்டா சகோதரிங்களா!"ன்னு முகம் மலர்ந்தாரு. அவரோட அப்பா கோ ஆடுவாராம். இந்தியாவுலேருந்து இதுக்காகவா வந்தீங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு, கடைசியில வாசல் வரைக்கும் வந்து குனிஞ்சு வழியனுப்பினாரு.

மிஷிமா பெரிய கோயில்ல ஃபுகுதாரோ மோச்சி, பச்சை மாவுருண்டை மேல பயறு பூரணம், டீயோட. வயித்துல இடமே இல்ல, இருந்தும் சாப்பிட்டேன்.

திரும்பும்போது மழை வலுத்துடுச்சு. ஸ்டேஷன்ல அறிவிப்பு மேல அறிவிப்பு, மழை வரம்பைத் தாண்டினதால வண்டி நிறுத்தம். பிளாட்ஃபார்ம்ல ரொம்ப நேரம் நின்னோம், ஈரச் சாக்ஸோட. ஒருத்தர்கூட குரல் உசத்தல, வரிசையும் கலையல. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு தவிச்சுக்கிட்டு இருந்தா, எங்கேயோ இருந்த ஒரு ஆபீஸ்காரரு தன் பெட்டியைப் படுக்க வெச்சு அது மேல அவளை உக்காரச் சொன்னாரு, அவரு அதுக்கப்புறம் நின்னுக்கிட்டேதான் இருந்தாரு. வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. அக்கா தோசை மாவு எடுத்து வெச்சிருந்தா.

ஜூன் 15, ஞாயிறு – மெகுரோ

நாளைக்கு ஃப்ளைட்டு. மதியம் வரைக்கும் நேரம் இருந்துச்சு, மெகுரோ போனேன். அங்க நோங்குற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்துக்கு ஒரு அரங்கு இருக்கு, முழுப் பேரு பதினாலாவது கிட்டா ரொப்பெய்தா நினைவு நோ அரங்கு. நான் போன நேரத்துல நாடகம் எதுவும் இல்ல, வெளியிலேருந்துதான் பாக்க முடிஞ்சுது, அமைதியான தெரு, ஓரத்துல நீல ஹைட்ராஞ்சியா பூத்துக் குலுங்குது.

இந்த ரொப்பெய்தாதான் ஃபுமிகோவோட புருஷன். நோ நாடகத்துல கிட்டா பிரிவோட தலைவரு, ஷோகன் ஆட்சி போனப்புறம் வந்த மெய்ஜி காலத்துல ஆதரவு இல்லாம நொடிச்சுப் போயிருந்த பிரிவைத் தூக்கி நிறுத்தினவரு, நாட்டோட பெரிய விருதெல்லாம் வாங்கி 1971ல இறந்தாரு. ஃபுமிகோ அவரை 1895ல கட்டிக்கிட்டாங்க, இருபது வயசு, ஏற்கனவே டான் வாங்கின ஆட்டக்காரி. புருஷன் கலை நிமிரணும்னு பலகையை எடுத்து வெச்சுட்டாங்க. திரும்ப ஆட வந்தது 1907ல.

பன்னெண்டு வருஷம். கோ ஆடுறவங்களுக்குத் தெரியும் இருபதுலேருந்து முப்பத்திரண்டு வரைக்கும்ங்குறது என்ன வயசுன்னு. கணக்குப் போடுற வேகம், ராத்திரி பூரா உக்காருற தெம்பு, எல்லாம் உச்சத்துல இருக்குற வயசு. அந்த வயசை முழுசா இன்னொருத்தர் கலைக்குக் குடுத்துட்டு வந்து, ஆம்பளைங்களோட சரிக்குச் சரியா உக்காந்து, 1921ல அஞ்சாம் டான் வாங்கினாங்க. அதுவரைக்கும் ஜப்பான்ல வேற எந்தப் பொண்ணும் அங்க போனதில்ல. அதுக்கப்புறமும் தன் பேரைப் பெருக்கிக்க ஓடல, சண்டை போட்ட கூட்டங்களைச் சேர்த்து வெச்சாங்க, பொண்ணுங்களை சிஷ்யைகளா எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு ஃபுஜிசாவா ரினா, உஎனோ அசமின்னு பொண்ணுங்க ஆம்பளைங்களை ஜெயிக்கிறது செய்தியில வருது, பத்து வயசுல தொழில்முறைக்கு வந்த நகமுரா சுமிரேவை உலகமே பாத்துச்சு. இவங்க எல்லாரும் உக்காருற மேசையை இழுத்துப் போட்டவங்கள்ல முதல் ஆளு ஃபுமிகோன்னு நான் உறுதியா சொல்வேன்.

அரங்கு வாசல்ல புருஷன் பேரு பெருசா இருக்கு. அவரு அதுக்குத் தகுதியானவருதான், சந்தேகமே இல்ல. அந்தப் பன்னெண்டு வருஷமும் இந்தக் கலைக்குள்ளதான் போயிருக்கு, அதனால அவங்க பேரும் அங்க இருக்கணும்ங்குறது என் ஆசை.

ஸ்டேஷன் பக்கம் இறங்கி வந்து தொன்காட்சு (பன்றிக்கறி கட்லெட்) சாப்பிட்டேன், முட்டைக்கோஸை மட்டும் கேக்கக் கேக்கத் தட்டுல போட்டுக்கிட்டே இருந்தாங்க. கவுன்டர்ல பக்கத்துல உக்காந்த பெரியவரு நான் சாஸ் ஜாடியைத் தேடுறதைப் பாத்து தன்னோடதை என் பக்கம் நகர்த்தி வெச்சாரு. வெளிய வந்தா வெயில் சுளீர்னு அடிக்குது. அக்காவுக்கு ஒரு டப்பா தைஃபுகு, எனக்கு மடிக்கிற கோ பலகையும் பிளாஸ்டிக் கல்லும், மூவாயிரம் யென்னுக்குள்ள. கயா மரப் பலகையும் கடையில இருந்துச்சு, விலைச்சீட்டுல எத்தனை சைபர்னு எண்ணிட்டு கையை எடுத்துட்டேன். இனி பெட்டி கட்டணும்.